கிருமி இல்லை என்று எழுதிய துண்டு

பிள்ளை மடுவத்தில் ஒரே நேரத்தில் பதினொரு தொட்டில்கள் தொங்கும். கூரைக்குக் குறுக்கே போட்ட இரும்புக் கம்பியில் பழைய சேலைகளை முடிந்து கட்டியிருப்போம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் பேர் போட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று சொல்லி முடித்ததும், கைக்குழந்தை உள்ள பெண்கள் மடுவத்துக்கு ஓடி வருவார்கள். பிள்ளையை எங்கள் கையில் கொடுத்துவிட்டு அதே ஓட்டமாக மலைக்குப் போவார்கள். பத்து மணிக்குப் பால் கொடுக்க இன்னொரு தடவை வருவார்கள். மற்ற நேரமெல்லாம் அந்தப் பிள்ளைகள் எங்களுடையவை. வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். வயதானவரைப் பெரிய ஆயா என்பார்கள். என்னை ஆயாக்கா என்பார்கள்.

பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. புருஷனுக்குத் தேயிலை ஸ்டோரில் மெஷின் பக்கம் வேலை. அதிகம் பேசாத மனிதர். நானும் அப்படித்தான். எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் ஆள் இருப்பது அடுப்புப் புகையைப் பார்த்தால்தான் தெரியும் என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி செய்வார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதினொரு பிள்ளைகள் சேர்ந்து பார்த்தால் மட்டும் ஒட்டாது. அவர்களிடம் நான் பேசிக்கொண்டே இருப்பேன்.

அந்த வருஷம் கடைசி லயத்திலிருந்து ஒரு பெண் குழந்தை வந்தது. தொட்டிலில் போட்டால் வீரிட்டு அழும். பெரிய ஆயா தூக்கினாலும் அழும். என் நெஞ்சில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினால்தான் தூங்கும். ஒரு கையால் அதைத் தட்டிக்கொண்டே மறு கையால் மற்றத் தொட்டில்களை ஆட்டுவேன். திரிபோஷா சத்துமாவை உருண்டை பிடிக்கும்போதும் அது என் மேல்தான் கிடக்கும். அதன் அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. வாய் ஓயாத பெண்.

"ஆயாக்கா, இது எனக்குப் பொறந்துச்சா ஒங்களுக்குப் பொறந்துச்சா? என்னப் பாத்தா பால் போத்தலப் பாக்குற மாதிரி பாக்குது. ஒங்களப் பாத்தா மட்டும் சாமியப் பாக்குற மாதிரி சிரிக்குது."

"அதுக்கென்ன, பால் குடிச்சிட்டு இவகிட்டயே வரட்டும்" என்பார் பெரிய ஆயா. "நீ இன்னொண்ணு பெத்துக்கலாம்."

"ஐயோ பெரியாயா, மொதல்ல இதோட அப்பன ஒரு தொட்டில்ல போட்டு ஆட்டுங்க. ராத்திரியெல்லாம் அவருதான் அழுவுறாரு."

இப்படித்தான் இருந்தது. எனக்கு அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் மாதத்தில் மூன்று நாள் நான் மனுஷியாக இருக்க மாட்டேன். தூரம் வருவதற்கு முதல் நாளே இடுப்புக்குப் பின்னால் யாரோ குழவிக் கல்லை வைத்து உருட்டுகிற மாதிரி இருக்கும். பிறகு அடிவயிறு, தொடை, மலம் கழிக்கப் போனால் உயிர் போகும். வாந்தி வரும். கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பேன். செங்கல்லை அடுப்பில் சூடாக்கிச் சாக்கில் சுற்றி வயிற்றில் வைத்துக்கொள்வேன். வயிற்றுத் தோலில் அந்தக் கல்லின் தடம் கறுப்பாக நிலைத்துவிட்டது. எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் எதைப் பற்றியுமே பேசுவதில்லை.

தோட்டத்து மருந்தகத்தில் ஒரு டிஸ்பென்சர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் சண்டை, போக முடியாமல் எங்கள் தோட்டத்திலேயே பல வருஷமாக இருந்தவர். நாங்கள் டொக்டரையா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். யாரையும் விரட்ட மாட்டார்.

"என்ன பிள்ளை, திரும்பியும் வந்திட்டீர்."

நான் வயிற்றைக் காட்டினேன்.

"சலம் போகேக்க எரியுதோ?"

தலையை ஆட்டினேன். எரியத்தான் செய்தது. எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது என்று ஓர் ஆணிடம் எப்படிச் சொல்வது?

"கிருமிதான். இஞ்ச பாரும், ஏழு நாளைக்கு விடாமல் குடிக்க வேணும். நோ நிண்டவுடன நிப்பாட்டக் கூடாது. விளங்கிச்சோ?"

பாதி கறுப்பும் பாதி சிவப்புமாக ஒரு கெப்சூல். அதைக் குடித்த மூன்றாம் நாள் வலி போய்விடும். தூரம் நின்றால் வலியும் நிற்கும் என்பது எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை. கெப்சூல்தான் கிருமியைக் கொன்றது என்று இருவருமே நம்பினோம். வலி நின்றதும் மிச்சத்தை ஒரு பால்மா டின்னில் போட்டு வைப்பேன். லயத்தில் எல்லாரும் செய்வதுதான். யாருக்காவது காது வலித்தால், கால் சீழ் பிடித்தால் வந்து கேட்பார்கள். "ஆயாக்கா, அந்தச் சிவப்பு மாத்திர ரெண்டு தாங்க." கொடுப்பேன். அடுத்த மாதம் எனக்குப் புதிதாகக் கிடைக்கும்.

வேலைக்குப் போக முடியாத நாளில் டொக்டரையாவிடம் லீவுத் துண்டு எழுதி வாங்க வேண்டும். காலையில் யாராவது கொண்டுபோய்ப் பெரட்டில் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் நாமே வளைந்து நெளிந்து போய்க் கொடுக்க வேண்டும். கணக்கப்பிள்ளை அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் புத்தகத்தில் குறிப்பார். எழுத்துத் தெரியாத கங்காணிக்கும் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று விளங்க வேண்டும் என்பதற்காக வந்த பழக்கம் அது. என் துண்டில் எப்போதும் 'ரெஸ்ட், இரண்டு நாள்' என்று மட்டும்தான் இருக்கும்.

ஒரு நாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மறுபடியும் ரெஸ்டா? என்னம்மா, மாசா மாசம் தேர்த் திருவிழா மாதிரி தேதி தவறாம வருது ஒனக்கு."

ஆண்கள் பக்கத்தில் சிரித்தார்கள்.

"தொட்டிலு ஆட்டுற வேலக்கே ரெஸ்ட்டுன்னா, மலையில நிக்கிறவளுக்கு என்ன குடுக்கிறது? பென்சனா?"

இப்போது பெண்களும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. குளிரில் நிற்கிற கூட்டத்தைச் சிரிக்கவைத்து மலைக்கு அனுப்புவது அவர் வழக்கம். ஆனால் அன்று எனக்கு நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. பொய்க்காரி என்று நினைக்கிறார்களே என்றுதான் மனம் திரும்பத் திரும்பச் சொன்னது.

அடுத்த மாதம் டொக்டரையாவிடம் போனபோது, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயைத் திறந்து ஒன்று கேட்டேன்.

"ஐயா, வெறும் ரெஸ்ட்டுன்னு எழுதாதீங்க. ஒடம்புக்கு என்ன வருத்தம்னு எழுதிக் குடுங்க. சிரிக்கிறாங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். "எழுதினால் எல்லாருக்கும் தெரிய வருமே பிள்ளை. அது பரவாயில்லையோ?"

"பரவால்லைங்க. தெரியட்டும்."

இந்த இரண்டு சொற்களை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது. பரவால்லைங்க. தெரியட்டும். இவ்வளவு துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது? வந்த ஒரே தடவை அதற்காகவா வர வேண்டும்?

அவர் இங்கிலீஷில் எழுதினார். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. மறுநாள் காலையில் பனி இறங்கியிருந்த பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை டோர்ச் வெளிச்சத்தில் துண்டைப் பிடித்து வாசித்தார். இந்த முறை அவர் கேலி செய்யவில்லை. கொஞ்சம் யோசித்து, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொன்னார்.

"கர்ப்பப்பையில கிருமி தொத்தியிருக்காம். மூணு நாள்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முதலில் அது நிம்மதியாக இருந்தது. பொய்யில்லை என்று தெரிந்துவிட்டது அல்லவா? தலையைக் குனிந்தபடி லயத்துக்கு வந்து கல்லைச் சூடாக்கினேன்.

மூன்று நாள் கழித்து மடுவத்துக்குப் போனபோது பிள்ளைகள் குறைவாக இருந்தார்கள். ஏழு பேர்தான். காய்ச்சல் பரவுகிறதோ என்று பெரிய ஆயாவிடம் கேட்டேன். அவர் குனிந்து பால் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஐந்து. தாய்மார் வாசலில் என்னைக் கண்டால், பெரிய ஆயா எங்கே என்று கேட்டு உள்ளே போய் அவர் கையில் கொடுத்தார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்குத் தனிக் கோப்பை கொண்டுவந்தாள். இன்னொருத்தி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே மலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ.

நான் கைகளைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி வாசலில் நின்று ஈரத்தை உதறுவேன். எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். அதைப் பார்த்த பிறகு, கழுவ வேண்டியது ஏதோ இருக்கிறது என்பது அவர்களுக்கு இன்னும் உறுதியாகியிருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது.

கடைசியாக வந்தவள் கடைசி லயத்துக்காரி. அவள் மட்டும்தான் நேராக என்னிடம் வந்தாள். பிள்ளை அவள் இடுப்பிலிருந்து என் பக்கம் பாய்ந்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க ஆயாக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க மாமிதான் சொல்றாங்க, பொட்டப்புள்ள, நாளைக்கு இதுக்கும் கர்ப்பப்பையில எதாவது தொத்திக்கிட்டா யாரு பதில் சொல்றதுன்னு. இவ ஒங்க மேலயேதான கெடக்குறா."

"சரி" என்றேன்.

"ஆஸ்பத்திரியில காட்டி, கிருமி இல்லன்னு ஒரு துண்டு வாங்கிட்டு வாங்க ஆயாக்கா. பெரட்டுல வாசிச்சா எல்லாரு வாயும் அடங்கிரும். நானே கொண்டாந்து ஒங்க மேல போடுறேன் இவள."

அவள் போகும் வரை பிள்ளை அவள் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்து அழுதுகொண்டே போனது. அடுத்த வாரம் கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு மலைக்குப் போகச் சொன்னார். மடுவத்துக்கு வேறு ஒரு பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டார்கள். நானும் தற்காலிகம் என்றே நினைத்தேன். ஒரு துண்டுதானே?

பதுளைக்குப் பஸ்ஸில் போவது அந்தக் காலத்தில் அரை நாள் வேலை. வளைவுக்கு வளைவு வாந்தி, நடுவில் ஆமிக்காரர் இறக்கி அடையாள அட்டை பார்ப்பது, பிறகு பெரிய ஆஸ்பத்திரியின் நீண்ட வாங்கில் உட்கார்ந்திருப்பது. புருஷன் என்னோடு வருவார். பெண்கள் கிளினிக்குக்குள் வர அவருக்கும் வெட்கம். வெளியே மதிலோரம் நின்றுகொள்வார். உள்ளே எல்லாம் சிங்களம். எனக்குக் கடையில் சாமான் வாங்குகிற சிங்களம் தெரியும். உடம்பைப் பற்றிப் பேசுகிற சிங்களம் தெரியாது. சலம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், உள்ளே பஞ்சு வைத்துத் துடைத்து எடுத்தார்கள். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். போனேன். ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்கும் போனேன். கடைசியில், சூலகத்தில் கட்டி இருக்கிறது, வெட்ட வேண்டும் என்று வார்டில் சேர்த்தார்கள்.

ஒபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் பெரிய டொக்டர் கட்டிலருகில் வந்து நின்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். அந்த வார்டில் ஒரு முஸ்லிம் அம்மா அட்டெண்டனாக இருந்தார். அவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"மகள், கர்ப்பப்பைக்குள்ள இரிக்கிற சவ்வு, மாசா மாசம் உதிர்ந்து ரத்தமாப் போகணும். ஒங்களுக்கு அது வெளியிலயும் மொளச்சிரிக்காம். சூலகத்துல, கொடலுக்கு மேல, எல்லா எடத்துலயும். அதுவும் மாசா மாசம் ரத்தம் விடுதாம். வெளிய வர வழியில்லாம உள்ளுக்கே கட்டிப்போச்சாம். ஒரு பக்கத்த எடுத்துட்டாங்க."

"புள்ள?" என்று கேட்டேன்.

அவர் டொக்டரிடம் கேட்டார். டொக்டர் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"எதுனால வந்துச்சு?"

அதற்கு டொக்டர் சிரித்துவிட்டு ஒரே சொல்லில் பதில் சொன்னார். "தெரியாதாம் மகள்" என்றார் அந்த அம்மா. "யாருக்குமே தெரியாதாம்."

டொக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். துண்டு கேட்க வேண்டும். நாக்கு எழும்பவில்லை. அந்த அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். "கிருமி இருக்கா இல்லயான்னு கேளுங்க. இல்லன்னா அத எழுதித் தரச் சொல்லுங்க."

"இதென்ன கேள்வி? வயித்தையே வெட்டி எடுத்திரிக்காங்க, நீங்க கிருமியக் கேக்குறீங்க." ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்க் கேட்டார். டொக்டருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு சின்னத் தாளில் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தச் சொன்னார். அந்தத் தாளை நான் வீட்டுக்கு வரும் வரை ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். வழியெல்லாம் அது கசங்கிவிடக் கூடாது என்பதே கவலை. வயிற்றில் தையல் இருந்ததுகூட நினைவில்லை.

நடக்க முடிந்த முதல் நாள் பெரட்டுக்குப் போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். கடைசி லயத்துக்காரி கூட்டத்தில் நிற்கிறாளா என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டேன். நின்றாள். பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அது நன்றாக வளர்ந்துவிட்டது.

துண்டைக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டினேன். அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். உதடு அசைந்தது. இப்போது வாசிப்பார், இப்போது வாசிப்பார் என்று நின்றேன். அவர் அதை நாலாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சரி. இத நீயே வச்சுக்க. மடுவத்துக்குத்தான் வேற ஆளு நிரந்தரமாப் போட்டாச்சே. ஒனக்கு வெட்டுக் காயம் ஆறுற வரைக்கும் தேயிலக் கன்று மேடையில வேல போடுறேன். கூடயத் தூக்க வேணாம். என்ன?"

அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். லீவு கேட்கிற துண்டைத்தான் வாசிப்பது வழக்கம். இது லீவுத் துண்டு இல்லையே! வாசிக்க என்ன இருக்கிறது?

ஐயா, அத சத்தமா வாசிங்க என்று சொல்ல வேண்டும். ஐந்து சொல்கூட இல்லை. கூட்டம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ, "நவுருங்கக்கா, நேரமாவுது" என்றார்கள். நகர்ந்துவிட்டேன்.

கடைசி லயத்துக்காரியிடம் தனியாகப் போய்க் காட்டியிருக்கலாம். காட்டினேன் என்றுதான் வையுங்களேன், அவளுக்கு அதை வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. பெரட்டில் வாசிக்காத துண்டை யார் நம்புவார்கள்? அவளும் அன்று என் முகத்தைப் பார்க்காமல் மடுவத்துப் பக்கம் போய்விட்டாள். புது ஆயாவிடம் பிள்ளை பழகிவிட்டது என்று பெரிய ஆயா பிறகு சொன்னார். தொட்டிலிலேயே தூங்குகிறதாம்.

ஒரு வருஷத்துக்குள் வலி திரும்பி வந்தது. கிளினிக், ஊசி, மாத்திரை, மறுபடி கிளினிக். பிள்ளை வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கொழுந்தெடுத்தேன். வலிக்கிற நாளிலும் போனேன். துண்டு மட்டும் பிறகு நான் கேட்டதே இல்லை. அந்தப் பிள்ளை லயத்து வழியாகப் பள்ளிக்கூடம் போவதையும், வெள்ளைக் கவுன் நீளமாவதையும், சடை இரண்டாவதையும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவளுக்கு என்னைத் தெரியாது. வழியில் கண்டால், பெரியவர்களுக்கு ஒதுங்குவது போல ஒதுங்கி நிற்பாள்.

இரண்டாயிரத்து ஒன்பது என்று நினைக்கிறேன், சண்டை முடிந்த வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கடைசி லயத்துக்காரி எங்கள் காம்பிரா வாசலில் வந்து நின்றாள். பின்னால் அந்தப் பெண். பதினாலு வயது. முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். அந்த நிற்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நானும் நிற்பேன்.

"வாங்க" என்றேன். தேத்தண்ணி வைக்கப் போனேன். அவள் வேண்டாம் என்றாள். முன்பு போல வாய் அவளுக்கு இல்லை.

"ரெண்டு வருசமா இப்படித்தான் ஆயாக்கா. மாசா மாசம். வாந்தி எடுக்குறா. இஸ்கூலு போறதில்ல. தோட்டத்துக்கு வந்த புது டொக்டரு கிருமின்னு மாத்திர குடுக்குறாரு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க. கேக்கணும்னு தோணிச்சு. சின்னதுல ஒங்க மேலயேதான கெடந்தா. ஒருவேள அப்ப ஒட்டுனதா இருக்குமா?"

உதவி கேட்டு வந்தாள் என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தேன்.

பெட்டியைத் திறந்து, அடையாள அட்டையோடு பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்த துண்டை எடுத்தேன். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்தான் சுவரை விட்டு வந்து அதை வாங்கினாள். மடிப்பில் கிழிந்திருந்தது. விரலால் சேர்த்துப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"நோ... எவிடன்ஸ்... ஒஃப்... இன்ஃபெக்‌ஷன்." அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "கிருமி தொத்துனதுக்கு அடையாளம் இல்லன்னு எழுதியிருக்கும்மா. சீலும் இருக்கு."

பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தத் துண்டு சத்தமாக வாசிக்கப்பட்டது. கேட்க மூன்று பேர் இருந்தோம். அவள் அம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அழவில்லை. அந்தப் பிள்ளை வாசித்து முடித்ததும் வலியில் அப்படியே குந்திவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

அடுத்த கிளினிக் நாளில் மூவருமாகப் பதுளைக்குப் போனோம். எனக்கு அந்த வாங்கு, அந்த வாசல் எல்லாம் பழக்கம். புது டொக்டர், இளம் வயது, தமிழும் கொஞ்சம் பேசினார். என் பழைய கிளினிக் கொப்பியையும் பார்த்தார். இது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், வயது குறைவு, இப்போதைக்கு மாத்திரையில் பார்ப்போம் என்றார். கடைசி லயத்துக்காரி விடாமல் கேட்டாள்: "தூக்கி வச்சிருந்தா ஒட்டுமாங்க?"

"சேச்சே. இது ஒட்டுற வருத்தம் இல்ல அம்மா. யாரு தூக்கினாலும் வராது."

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம். எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. வலிக்கு ஊசி போட்டிருந்ததால் அவளுக்குக் கண் சொருகியது. வளைவில் சாய்ந்து, என் தோளில் விழுந்து, அப்படியே தூங்கிவிட்டாள். என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் அம்மா எங்களைப் பார்த்தாள். டொக்டர் சொல்லிவிட்டார்தான். ஆனாலும் தோட்டத்துச் சந்தி வரும் வரை கையை என் மடியிலேயே வைத்திருந்தேன்.

அவள் இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். இருபது வயது தாண்டிய பிறகு அவளுக்கும் ஒபரேஷன் செய்து, அதே வருத்தம்தான் என்று உறுதியாகச் சொன்னார்கள். மாதத்தில் ஒரு தடவை, அந்த நாட்களில்தான், எனக்கு ஃபோன் எடுப்பாள். இருவரும் அதிகம் பேச மாட்டோம். "வந்துருச்சா?" "வந்துருச்சு." "கல்லு சுட வச்சியா?" "இங்க சுடுதண்ணி பேக் இருக்கு ஆயாக்கா." அவ்வளவுதான். அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் எடுத்தபோது, ஃபோனில் ஏதோ செய்தி வந்திருக்கிறது என்று வாசித்துக் காட்டினாள். இந்த வருத்தத்துக்கும் உடம்புக்குள் வாழுகிற கிருமிகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று வெளிநாட்டில் ஆராய்கிறார்களாம். குடலிலும் கர்ப்பப்பையிலும் வாயிலும் எல்லா மனிதருக்கும் கிருமிகள் இருக்கின்றனவாம். நல்லதும் இருக்கிறதாம். அந்தக் கூட்டம் நிலை மாறினால் இது வளர இடம் கிடைக்கிறதோ, அல்லது இது வளர்ந்ததால்தான் கூட்டம் நிலை மாறுகிறதோ, இன்னும் தெரியவில்லையாம். கிருமியைக் கொல்கிற மாத்திரை உதவுமா என்றும் பார்க்கிறார்களாம்.

எனக்குப் பாதி கறுப்பும் பாதி சிவப்புமான அந்தக் கெப்சூல் கண் முன்னால் வந்தது. டொக்டரையா எப்போதோ ஊருக்குப் போய்விட்டார், உயிரோடு இருக்கிறாரோ என்னவோ. ஏழு நாளைக்கு விடாமல் குடிக்க வேணும் என்றார். நான் மூன்று நாளில் நிறுத்தி டின்னில் போட்டேன். அவர் சொன்னது சரியா, தப்பா, பாதி சரியா? யாரிடம் கேட்பது? பெட்டிக்குள் இருக்கிற துண்டு பொய்யா? அதை எழுதிய டொக்டர் அன்று தேடிய கிருமி வேறு, இது வேறு என்று எனக்கும் விளங்குகிறது. விளங்கினாலும் நெஞ்சு கேட்கவில்லை.

"எல்லாருக்கும் இருக்குதாம் ஆயாக்கா" என்றாள் அவள். "அந்தக் கணக்கப்பிள்ளைக்கும் இருந்திருக்கும். எங்கம்மாவுக்கும் இருக்கும்." சிரிக்கப் பார்த்தாள். வலியில் பாதியில் நின்றுவிட்டது.

"அது ஒட்டும்னு போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"தூக்கி வச்சிருந்தா ஒட்டும்னு."

"டொக்டரு அன்னைக்கே இல்லன்னு சொல்லிட்டாரே. இன்னும் அதயேவா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க?"

"போட்டிருக்கான்னு பாரு."

அவள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு போனாள். கடைசி வரைக்கும் வாசிக்கிறாள் என்று தெரிந்தது.

"அதப் பத்தி ஒண்ணும் போடல. ஆமான்னும் இல்ல, இல்லன்னும் இல்ல." பிறகு குரல் மாறியது. "ஆயாக்கா, முடியல. படுக்கப் போறேன். ஃபோன வச்சிராதீங்க, அப்படியே இருக்கட்டும்."

ஃபோனைக் காதிலிருந்து எடுத்துத் தலையணை மேல் வைத்தேன். அதற்குள்ளிருந்து அவள் முனகுவது சின்னதாகக் கேட்டது. அவள் கொழும்பில், நான் இங்கே. செய்ய என்ன இருக்கிறது? கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன், என் கை அந்தத் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தது.